மூன்று வருஷக் கெடுவும் ஒரு கரிசல் காடும்

நாடு முழுக்க நிலத்துக்கு உறுதியான உரிமைப் பதிவேடு ஒன்று வேண்டும் என்ற பேச்சு புதிது இல்லை. 2008-ல் தேசிய நிலப் பதிவேடு நவீனமயமாக்கல் திட்டம் தொடங்கியபோதே அதுதான் கடைசி இலக்கு. 2020-ல் நிதி ஆயோக் அதற்கென மாநிலங்களுக்கு ஒரு மாதிரிச் சட்ட வரைவை வெளியிட்டது. போன வாரம் அதைத் திரும்ப வாசித்தபோது ஒரு விதியில் வந்து நின்றுவிட்டேன். பதிவேட்டை அறிவித்து மூன்று வருஷத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால், அதில் இருப்பதே இறுதி.

நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. இப்போதுள்ள ஏற்பாடு அப்படி. 1908 பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் பதிவது பத்திரத்தைத்தான். விற்பவருக்கு நிலம் சொந்தமா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. மூலப் பத்திரம் கேட்ட தமிழ்நாட்டின் 55-ஏ(i) விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இதனால்தான். தாலுகா ஆபீஸ் தரும் பட்டாவும் தனியாக நின்று உரிமையை நிலைநாட்டாது என்று நீதிமன்றங்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஆக, ஒரு ஏக்கர் வாங்குகிறவர் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீல் கருத்து எல்லாம் சேர்த்துவிட்டு, மிச்சத்துக்குக் குலசாமியை நம்ப வேண்டியதுதான்.

"இவர்தான் உரிமையாளர், தப்பானால் நான் ஈடு கட்டுகிறேன்" என்று அரசே சொல்லும் முறையை 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்தார். அங்கே அரசு புதிதாக வழங்கிய நிலம் நிறைய (பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது என்பது வேறு கதை). காகிதம் ஒரே இடத்திலிருந்து கிளம்பியது. நம் ஊரில் அப்படியா? ஜமீன் கணக்கு, 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம், அதற்கு மேல் யூடிஆர். புதுப் பதிவேடு வானத்திலிருந்து வராது. இந்தக் கணக்குகளிலிருந்துதான் வரும்.

யூடிஆர் என்று சொன்னாலே விருதுநகர் பக்கம் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நிலவுடைமைக் கணக்குகளைப் புதுப்பித்த திட்டம் அது. பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, பட்டா நிலம் புறம்போக்கானது என்று அதில் விழுந்த பிழைகளைத் திருத்தச் சொல்லி, கிட்டத்தட்ட 40 வருஷம் கழித்தும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுக்கள் போகின்றன. அந்தக் கணக்கைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். இப்போது அதே நிலத்துக்கு 14 இலக்க 'பூ-ஆதார்' எண்ணும் தருகிறோம். எண் புதுசு, பெயர் பழசு.

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஷெட்டில் வேலை செய்யும் ஒரு அக்காவைத் தெரியும். அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் கரிசல் காடு. மழை பொய்த்து, சீமைக்கருவேலம் மண்டி, யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. பட்டாசு ஆலைக்கு ஊரை விட்டுத் தள்ளி நிலம் வேண்டும். வெடிபொருள் விதிப்படி கட்டடங்களுக்கு நடுவிலும் இடைவெளி வேண்டும். அதனால் சும்மா கிடந்த காட்டுக்குத் திடீரென ஆள் வந்து விலை கேட்டார்கள். அப்போதுதான் ஆன்லைனில் சிட்டா எடுத்துப் பார்த்தார். யூடிஆரிலேயே பக்கத்துப் புஞ்சைக்காரர் பெயர் ஏறியிருந்தது. மாதிரிச் சட்டத்தின் கெடு 1987-ல் இருந்திருந்தால், 1990-லேயே அந்தக் காடு அவர் குடும்பத்தின் கையை விட்டுப் போயிருக்கும். அது அவருக்குத் தெரிந்தும் இருக்காது.

மூன்று வருஷ விதியைச் சொன்னேன். "கெசட்டுல போட்டா எனக்கு யாரு தம்பி வாசிச்சுச் சொல்லுவா? காலையில வேன் ஏறுனா பொழுது சாயத்தான வாரேன்" என்றார்.

என் விமர்சனமும் இதுதான். ஆட்சேபணை வராததை சம்மதம் என்று இந்த விதி எடுத்துக்கொள்கிறது. வானம் பார்த்த பூமியில் ஆட்சேபணை வராததற்குக் காரணம் பெரும்பாலும் தெரியாமை. திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போனவர், கூட்டுப் பட்டாவில் பெயர் ஏறாத தம்பி, கட்டிக்கொடுத்த மகள் எல்லாரும் இதில் அடக்கம். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989-ல். நாடு முழுக்க வந்தது 2005-ல். அதாவது நம் அடிப்படைக் கணக்கு அதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டது. அதை அப்படியே 'இறுதி' ஆக்கினால், சட்டம் கொடுத்ததைப் பதிவேடு பறித்துவிடும்.

கெடுவே கூடாது என்று சொல்ல வரவில்லை. முடிவே இல்லாத வழக்கும் ஏழைக்குத்தான் பாரம். ஆனால் வரிசை மாற வேண்டும். முதலில் நிலத்தில் இறங்கி அளந்து, வாரிசுகளை விசாரித்து, கிராம சபையில் சர்வே நம்பர் வாரியாகப் பெயர்களை வாசிக்க வேண்டும். பெயர் நீக்கப்படுபவர் கையில் நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்துதான் கெடு ஓட வேண்டும். அரசின் பிழைக்கு ஈடு கட்டும் பணம் அதற்கு முன்பே தனி நிதியாக ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். டாரன்ஸ் முறையிலிருந்து நாம் எடுக்க வேண்டியது அந்த நிதியைத்தான். அது இல்லாமல் கெடுவை மட்டும் எடுத்துக்கொண்டால், யூடிஆர் காலத்துப் பிழைகளுக்குச் சட்டமே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும்.