சென்னை பொறம்போக்கு பாடல்

சென்னை பொறம்போக்கு பாடல் (2017) எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றிய தனிப்பாடல். சுயாதீன இசைக் கலைஞர் கபேர் வாசுகி எழுதினார். ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இராகமாலிகையாக மெட்டமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். காணொளியை இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத்.

இப்பாடலின் தொடக்கத்தை ஊரூர் ஒல்காட் குப்பத்தில் தேட வேண்டும். பெசன்ட் நகருக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் இடையிலுள்ள அந்த மீனவர் குடியிருப்பில் 2015இல் குப்பத்து மக்கள், சூழலியல் எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோருடன் சேர்ந்து கிருஷ்ணா கலைவிழாவைத் தொடங்கினார். டிசம்பர் இசைவிழாவில் இனிப் பாடுவதில்லை என்று அவர் அறிவித்ததும் அதே ஆண்டில்தான். குப்பத்தில் இடமும் கேட்போரும் மாறினர். பாட்டின் மொழி அவ்வளவாக மாறவில்லை. அந்த மாற்றம் இப்பாடலில் நிகழ்ந்தது.

புறம்போக்கு என்பது தீர்வைக் கணக்குக்கு வெளியே வைக்கப்பட்ட பொது நிலம்: நீர்நிலை, மேய்ச்சல், கடற்கரை. பேச்சு வழக்கில் அது வசவாகிவிட்டது. வசவையே பல்லவியில் வைத்து, அது ஊருக்கும் பூமிக்கும் உரியது என்று திருப்பிச் சொல்வதே இப்பாடலின் பெரிய பலம்.

கீர்த்தனையின் நெடில்களுக்குப் பழகிய குரல், சென்னைப் பேச்சின் வல்லினங்களில் தடுக்கிவிழ வாய்ப்பு அதிகம். ஆனந்தபைரவியில் அந்தத் தடுக்கல் இலேசாகக் கேட்கிறது. பேகடாவில் சொல்லும் கமகமும் பொருந்திவிடுகின்றன. கிருஷ்ணா உச்சரிப்பை மெருகேற்றாமல் விட்டது நல்ல முடிவு. சிந்துபைரவியில் முடிப்பது மட்டும் சற்று எதிர்பார்த்ததே. கச்சேரியின் கடைசிப் பகுதியில் கேட்டுப் பழகிய உருக்கம் அது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். வடசென்னையின் கானா பாடகர்கள் இதே மொழியில் நெடுங்காலமாகப் பாடிவருகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஆங்கில நாளேடுகளின் கவனம், அம்மொழி கர்நாடக இசைக்குள் வந்தவுடன் இப்பாடலுக்குக் கிடைத்தது. எண்ணூர் மீனவர்களின் துயரம் இங்கே பேசப்படுகிறது, ஆனால் பாடும் குரல் அவர்களுடையதன்று. இதற்குக் கிருஷ்ணாவை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமாகாது. கேட்பவர்களின் காதும் சபாவில் பழகியதுதான்.

2018இல் கொடைக்கானல் பாதரசக் கழிவு பற்றிய பாடலில் சோஃபியா அஷ்ரஃபுடன் கிருஷ்ணா சேர்ந்தபோது மேடை பகிரப்பட்டது. பொறம்போக்கு பாடலில் அவர் குரல் தனித்தே நிற்கிறது.