வாய்க்குப் பயிற்சி, காதுக்கு இல்லை: பெற்றோரோடு பணியாற்றும் பெண்களைத் தயாரிப்பது குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

அரசு நமக்குத் தரும் சொற்களில் சில, சந்தேகப்படவே தோன்றாத அளவுக்கு நல்ல சொற்கள். 'பெற்றோர் கல்வி', 'தாய்மார் கூட்டம்', 'ஊட்டச்சத்து ஆலோசனை', 'திறன் மேம்பாட்டுப் பயிற்சி'. குழந்தை நல்லா இருக்கணும் என்பதை யார் மறுக்கப்போகிறார்கள்? மறுக்க முடியாத ஒன்றின் பெயரால் பேசும்போதுதான் அதிகாரம் மிகவும் பத்திரமாக இருக்கிறது. ஆகவே இந்தச் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்பதே இங்கு நோக்கம். நான் எடுத்துக்கொள்ளும் களம் அங்கன்வாடி. ஆள், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் இன்றைக்கும் 'பால்வாடி டீச்சர்' என்று கூப்பிடப்படும் பெண். கேள்வி ஒன்றுதான்: பெற்றோரோடு பேச இவரைத் தயார் செய்கிறோம் என்று நடத்தப்படும் பயிற்சி, இவரை என்னவாகவும் பெற்றோரை என்னவாகவும் கட்டமைக்கிறது?

1

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடு முழுக்க 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கப்பட்டது. 1980-இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. இந்த மூன்று ஓடைகளும் கலந்ததுதான் இன்றைய தமிழக அங்கன்வாடி. மையங்களின் எண்ணிக்கை 54,000-க்கும் மேல்.

இதில் 1980-ஆம் வருடத் திட்டம் நமக்கு முக்கியம். சோறு போடுவதை அது மையமாக வைக்கவில்லை. தாயோடு பேசுவதை மையமாக வைத்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவது. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துணவு கொடுப்பது. ஏன் ஏறவில்லை என்று தாயோடு உட்கார்ந்து பேசுவது. இந்த வேலைக்கு ஊட்டச்சத்துப் பணியாளர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழையாக இருக்க வேண்டும். ஆனால் அவருடைய சொந்தப் பிள்ளை ஆரோக்கியமாக இருக்க வேண்டும். முடிந்தவரை இப்படிப்பட்டவர்களைத்தான் தேடினார்கள்.

இந்த நிபந்தனைக்குள் ஓர் ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. இல்லாமையிலும் பிள்ளையை நன்றாக வளர்க்கிற அறிவு சேரியிலும் குப்பத்திலும் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துப் பரப்பினால் போதும் என்கிற ஒப்புதல். சரி, அப்படித் தேர்ந்தெடுத்த பெண்ணைக் கூடத்தில் உட்காரவைத்த பிறகு, "நீ எப்படிம்மா வளர்த்தே?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அந்த அறிவு அவளுக்கு நுழைவுச்சீட்டு. உள்ளே போனதும் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

2

பயிற்சிக் கையேடுகளின் வினைச்சொற்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். எடுத்துரைத்தல், விளக்குதல், வலியுறுத்தல், அறிவுறுத்தல், விழிப்புணர்வு ஏற்படுத்துதல். எல்லாமே வாயின் வேலை. கேட்டறிதல் என்று எங்காவது வந்தால், அது பதிவேட்டில் நிரப்ப வேண்டிய விவரத்துக்காக வரும். எத்தனை பிள்ளை, எத்தனை தடுப்பூசி, எத்தனை கிலோ. பாவ்லோ ஃப்ரெய்ரே சொன்ன வங்கி முறைக் கல்வி இங்கே இரண்டு அடுக்கில் நடக்கிறது. பயிற்றுநர் பணியாளரிடம் போடுகிறார். பணியாளர் தாயிடம் போடுகிறார். கடைசியில் அந்தக் கணக்கில் பாக்கி நிற்பவள் தாய்.

'பெற்றோர்' என்ற சொல்லையும் பாருங்கள். தமிழில் பால் காட்டாத நல்ல சொல். கூடத்துக்குள் வந்ததும் அது 'தாய்மார்' ஆகிவிடுகிறது. நான் பார்த்த படச்சுருள்களில் அப்பா வருவது ஒன்று குடிப்பவராக, அல்லது குடும்பப் போட்டோவில் ஓரமாக நிற்பவராக. பொறுப்பு பெண்ணுக்கு, பெயர் மட்டும் இருவருக்கும்.

பால் மட்டுமல்ல, வர்க்கமும் இந்தச் சொல்லுக்குள் காணாமல் போகிறது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையிலோ படைத்துறை உடைத் தொழிற்சாலையிலோ நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவரும் 'பெற்றோர்'. அதே ஊரில் ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிக்குத் தைக்கப் போகிறவரும் 'பெற்றோர்'. பூந்தமல்லியில் விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸுக்கு நின்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகிற பெண்ணும், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் பிள்ளையோடு இருக்கும், தமிழ் தெரியாத ஒடியாக்காரப் பெண்ணும் அதே பாடத்தின் அதே 'தாய்'. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது மருத்துவ உண்மை. அதில் தகராறு இல்லை. 2017-இன் சட்டத்திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியபோது அந்த உண்மைக்கு ஒரு ஏற்பாடும் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தக் கூலியாக இருந்து, வயிறு தெரிந்ததும் நிறுத்தப்பட்டு, பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் வேறு கம்பெனி வாசலில் நிற்கிறவளுக்கு அந்த 26 வாரம் எங்கே? ஏற்பாடு இல்லாத உண்மையை அவளிடம் சொல்லும்போது அது அறிவுரையாக இருப்பதில்லை, குற்றச்சாட்டாகிவிடுகிறது.

அம்பத்தூர்ப் பக்கத்தில் ஒரு பயிற்சி நாளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் பிள்ளையோடு அரை மணி நேரமாவது பேசி விளையாட வேண்டும் என்று தாய்க்குச் சொல்லுங்கள் என்றார் பயிற்றுநர். வயதான ஒரு பணியாளர் எழுந்தார். "சார், ஆறு மணிக்கு பஸ் ஏறிப் போற பொண்ணு. ராத்திரி ஓ.டி. முடிஞ்சு வரச்சொல்ல புள்ள தூங்கிடுது. நான் இத்த யார்கிட்ட சொல்றது, எப்ப சொல்றது?" "அதெல்லாம் நீங்கதாம்மா அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று பதில் வந்தது. சிரிப்பு எழுந்தது. அடுத்த படம் மாறியது. என் வாதத்துக்கு இந்த ஒரு நிமிடம் போதும். அந்தக் கேள்வியில் ஒரு முழுப் பாடத்திட்டம் இருந்தது. அதை இடைஞ்சலாக மட்டுமே அந்தக் கூடத்தால் பார்க்க முடிந்தது.

3

இதற்கு மாற்றே கிடையாது என்று சொல்வதற்கில்லை. 1993-இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் தாய்ப்பால் ஆலோசனைக்கென்று 40 மணி நேரப் பயிற்சி ஒன்றை வெளியிட்டன. தாய்ப்பாலின் நன்மைகளை ஒப்பிப்பது அதன் சாரம் அல்ல. கேட்பது என்பதையே ஒரு திறனாக அது பிரித்துக் கற்றுக்கொடுத்தது. ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வி கேட்பது. தாய் சொன்னதை அவளுக்கே திருப்பிச் சொல்லிப் பார்ப்பது. அவள் உணர்வதைப் புரிந்துகொண்டதாகக் காட்டுவது. தீர்ப்புச் சொல்லும் வார்த்தைகளைத் தவிர்ப்பது.

இந்தக் கடைசி விஷயத்தைத் தமிழில் செய்து பாருங்கள். 'நல்லா', 'சரியா', 'ஒழுங்கா', 'போதுமா'. இந்த நாலு வார்த்தையை எடுத்துவிட்டால் நம் அதிகாரிகளும் டாக்டர்களும் மாமியார்களும் பாதிப் பேச்சை இழந்துவிடுவார்கள். "கொழந்த நல்லா பால் குடிக்குதா?" "குடிக்குதுங்க." பேச்சு முடிந்தது. தாய் பரீட்சையில் பாஸாகிவிட்டாள், நமக்கு ஒன்றும் தெரியவில்லை. "கொழந்தைக்கு எப்படிப் பால் குடுக்கறீங்க?" என்று கேட்டால், "காலைல குடுத்துட்டுப் போவேன் டீச்சர், ஓ.டி. போட்டா எட்டு மணியாவுது, அதுவரைக்கும் மாமியா புட்டிப்பாலு தருவாங்க, மார்ல கட்டிக்கினு வலிக்குது" என்று ஒரு வாழ்க்கை வெளியே வரும். பாலைப் பீய்ச்சி எடுத்து வைப்பது எப்படி என்று சொல்வதற்கு இப்போதுதான் இடம் பிறக்கிறது. கம்பெனியில் பிள்ளைக் காப்பகம் உண்டா என்று கேட்பதற்கும்தான். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே எழுதிவைத்தது. கேட்கும் காது இருந்தால் ஒரு மார்வலி தொழிலாளர் உரிமைப் பிரச்சினைவரை போகிறது. அதனால்தான் காதுக்குப் பயிற்சி தரத் தயங்குகிறார்களோ என்னவோ.

'அப்போ கிழவிங்க சொல்றதெல்லாம் சரின்னு விட்டுடலாமா' என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். கூடாது. சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடுவதும், பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைப்பதும் ஆபத்தானவை. மக்கள் மரபைப் புனிதமாக்குவது என் வேலையல்ல. நான் சொல்வது, கேட்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு என்பதைத்தான். சேனையை யார் வைத்தார், அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும், மருமகள் மறுத்தால் அவளுக்கு என்ன நடக்கும் என்பதெல்லாம் தெரியாமல் 'மூடப்பழக்கம்' என்று வலியுறுத்திவிட்டு வந்தால், பழக்கம் அப்படியே இருக்கும். டீச்சரிடம் சொல்வது மட்டும் நின்றுபோகும்.

4

இப்போது மையமான முரண்பாட்டுக்கு வருகிறேன். கூலி என்று வரும்போது அரசு சொல்வது: பிள்ளை பார்ப்பது பெண்ணுக்கு இயற்கையாக வருவது, அது சேவை, அதற்குச் சம்பளம் இல்லை, மதிப்பூதியம்தான். 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு அதை மாதம் 3,000-இலிருந்து 4,500 ரூபாய் ஆக்கியது. தமிழகத்தில் மாநில அரசு தரும் 'சிறப்புக் காலமுறை ஊதியம்' இதைவிட மேல்தான். ஆனாலும் அந்தச் 'சிறப்பு', முழு அரசு ஊழியர் இல்லை என்பதைச் சொல்லும் மரியாதையான வழி. பயிற்சி என்று வரும்போது அதே அரசு சொல்வது: தாய்க்கு ஒன்றும் தெரியாது, நாம்தான் கற்றுத்தர வேண்டும். ஆக, சம்பளப் பட்டியலில் தாய்மை இயற்கை. பயிற்சிக் கூடத்தில் தாய்மை அறியாமை. இரண்டு இடத்திலும் அது அறிவும் இல்லை, உழைப்பும் இல்லை. பணியாளரும் தாயும் எதிரெதிரே உட்காரவைக்கப்பட்டாலும், இந்த ஒரே கருத்தியலால்தான் இருவரும் நசுக்கப்படுகிறார்கள்.

ஐரோப்பியக் குடும்பத்தின் வரலாற்றை எழுதிய ழாக் தொன்சலோ, தாயைத் துணையாகப் பிடித்துக்கொண்டு மருத்துவமும் அரசும் குடும்பத்துக்குள் நுழைந்ததை 1977-இல் வந்த தன் நூலில் காட்டினார். வசதியான வீட்டில் அது ஆலோசனையாகவும் ஏழை வீட்டில் கண்காணிப்பாகவும் நுழைந்தது என்பது அவர் வாதம். நம் பக்கம் இது எவ்வளவு பொருந்துகிறது! 2021 முதல் பணியாளர் கையில் போஷன் டிராக்கர் என்ற செயலி. 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவு போன்ற பொருள்களுக்கு முகம் பதிவு கட்டாயம். தாயின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய பெண், தாயின் முகத்தைப் படம் பிடிக்க வேண்டியவளாகிறாள். முகம் பொருந்தவில்லை, சிக்னல் இல்லை என்றால் திட்டு வாங்குவது இவள்.

இதற்கிடையே நல்ல நோக்கங்களும் வருகின்றன. 'போஷன் பி, படாய் பி' என்று 2023-இல் தொடங்கிய திட்டத்தில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு பேசி விளையாடுவதற்கான 'நவசேதனா' என்கிற வழிகாட்டி 2024-இல் வந்தது. 36 மாதங்களுக்கு 140 செயல்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் மாநிலப் பயிற்றுநருக்கு இரண்டு நாள், பணியாளருக்கு மூன்று நாள் என்று அடுக்கடுக்காக இறங்கும் ஏற்பாடு. 1980-இல் தொடங்கிய திட்டத்தில் ஏறக்குறைய இரண்டு மாதப் பயிற்சி இருந்தது. அதற்கு மேல் பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற கணக்கில் வேலை செய்யும் இடத்திலேயே கூட நின்று சொல்லிக்கொடுத்தார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைவை அந்தத் திட்டம் கணிசமாகக் குறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கேட்கும் பழக்கம் மூன்று நாளில் வராது. சைக்கிள் போல, ஒருவர் பின்னாலேயே ஓடி வர வேண்டும்.

5

2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குஜராத் அங்கன்வாடிப் பெண்களின் வழக்கில் பணிக்கொடை உரிமையை உறுதி செய்தது. 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழும் இவர்கள் செய்வது சட்டம் விதித்த கடமை என்றும், மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் அது ஊதியமே என்றும் சொன்னது. 2006-இல் இதே நீதிமன்றம் இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று சொல்லியிருந்ததை நினைத்துப் பார்த்தால் இது பெரிய நகர்வு. ஒரு பக்கம், 'இயற்கை' என்ற பொய்யில் விரிசல் விழுந்துவிட்டது. இன்னொரு பக்கமான 'அறியாமை' இன்னும் ஆடாமல் நிற்கிறது.

சங்கங்கள் ஊதியத்துக்காகத் தெருவில் நிற்கின்றன. பாடத்திட்டத்தை நிபுணரிடம் விட்டுவிடுகின்றன. எழுதுகிறவர்களும் பேராசிரியர்களும் பாடத்திட்டத்தின் சொல்லாடலைப் பிரித்துப் போடுகிறார்கள். ஊதியத்தைச் சங்கத்திடம் விட்டுவிடுகிறார்கள். இந்த வேலைப் பிரிவினைதான் உடைய வேண்டியது. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் 'பயிற்சி' என்று ஒரு வரி சேரட்டும். பயிற்சி நாளுக்கு முழுச் சம்பளம், போக்குவரத்துச் செலவு. களத்தில் கூட நிற்கும் மேற்பார்வையாளர். படம் பிடித்து அனுப்பச் சொல்லும் மேற்பார்வையாளர் வேண்டாம். ஒவ்வொரு பயிற்சியின் முதல் நாளும் பணியாளர்கள் தம் தெருவிலிருந்து கொண்டுவரும் கேள்விகளிலிருந்தே தொடங்க வேண்டும். அந்தக் கேள்விகளும் பதில் இல்லாதவையும் எழுத்தில் பதிவாகி மேலே போக வேண்டும். எடை விவரம் மேலே போவதுபோல, பஸ் நேரமும் ஓ.டி.யும் காப்பகம் இல்லாத கம்பெனிகளின் பட்டியலும் மேலே போகட்டும். பெற்றோர் கூட்டத்தை அப்பாக்களும் வரக்கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைக்கட்டும். அந்த ஞாயிற்றுக்கு ஈடாகப் பணியாளருக்கு ஒரு நாள் விடுப்பு தரட்டும்.

பெற்றோருக்குத் துணை நிற்பது என்பது அவர்கள் வாழும் நிலைமைக்கு எதிராக அவர்களோடு சேர்ந்து நிற்பதுதான். அதற்கு முதலில், துணை நிற்கப் போகிறவளைத் தொழிலாளி என்றும் அறிவாளி என்றும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிற திட்டம் எவ்வளவு இனிக்கப் பேசினாலும், அதன் கணக்கில் தாய் பாக்கிக்காரியாகவே நிற்பாள்.