முகப்பும் முற்றமும்

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு 'ஃபசாட்' என்ற வடிவமைப்பு உத்தி தெரிந்திருக்கும். உள்ளே எவ்வளவு சிக்கல் இருந்தாலும் வெளியிலிருந்து அழைப்பவருக்கு எளிமையான ஒரு முகத்தை மட்டும் காட்டுவது. சொல் கட்டடக்கலையிலிருந்து கடன் வாங்கியது: முகப்பு. புதுச்சேரி வைசியாள் வீதியில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

கலவை சுப்பராய செட்டி வீதி என்ற பெயரும் கொண்ட இந்தத் தெருவின் தமிழ் வீடுகளை, 2000களின் தொடக்கத்தில் இன்டாக் அமைப்பு, ஐரோப்பிய ஆணையத்தின் நிதியுதவியோடு சீர்செய்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. அந்தக் கட்டடக் கலைஞர்கள் சரியாகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தனி வீட்டை அல்ல, தெருவையே ஓர் அலகாக எடுத்துக்கொண்டார்கள். தமிழ் வீட்டின் தாழ்வாரமும் திண்ணையும் பாதி வீட்டுக்காரருடையவை, பாதி தெருவில் போகிறவருடையவை. பக்கத்து வீட்டுத் தாழ்வாரம் போய்விட்டால் இந்த வீட்டுத் தாழ்வாரத்துக்கும் அர்த்தம் குறைந்துவிடும்.

என் விமர்சனம் அதற்குப் பின்னால் தொடங்குகிறது. பணம் பெரும்பாலும் முகப்புக்குப் போனது. ஆனால் தமிழ் வீட்டின் உயிர் முற்றத்தில் இருக்கிறது. வெளிச்சம், காற்று, மழை எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். முகப்பைப் பூச முடியும். முற்றத்தை நான்கு வாரிசுகளுக்குப் பங்கு போட முடியாது. இந்த வீடுகள் விழுவதற்கு அறியாமையைக் காரணம் சொல்கிறோம். நான் பார்த்தவரை பெரிய காரணம் பாகப்பிரிவினை.

என் அத்தை வீடும் அப்படித்தான் போனது. மெட்ராஸ் டெரஸ் ஒழுகியது. சுண்ணாம்புக் கொத்தனார் கிடைக்காமல் சுவருக்கு சிமென்ட் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். சில மழைக்காலத்தில் காரை பொத்துப்பொத்தென்று உதிர்ந்தது. "அந்தத் திண்ணையையாவது விடாதீங்க அத்தை" என்றேன். "உனக்கு அது அழகுப்பா. எனக்கு அது முட்டிவலி" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது அங்கே மூன்று மாடி நிற்கிறது.

கடற்கரைச் சாலையின் மேரி கட்டடத்தைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பழுதடைந்து கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிக் கடனில் அதே வடிவில் கட்டி 2021இல் திறந்தார்கள். நகல் என்று கேலி செய்ய மாட்டேன். 1761இல் ஆங்கிலேயர் இந்த ஊரையே தரைமட்டமாக்கினார்கள். நாம் 'பழைய பாண்டி' என்று ரசிப்பதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு திரும்பக் கட்டியதுதான். என் கேள்வி வேறு. விழுந்த கட்டடத்துக்குக் கோடிகள் கிடைக்கின்றன. நிற்கிற வீட்டில் ஓடு மாற்ற, உத்திரம் தாங்க, ஆள் குடியிருக்கும்போதே யார் கொடுப்பார்கள்?

எங்கள் தொழிலில் பழைய நிரலைக் காப்பாற்ற ஒரே வழி, தினமும் யாராவது அதைப் பராமரிப்பது. வீட்டுக்கும் அதுதான். பட்டியலில் பெயர் சேர்ப்பதோடு ஒரு கொத்தனாரையும், வாரிசுகளை உட்கார வைத்துப் பேச ஒரு ஆளையும் சேர்த்து அனுப்பியிருந்தால், அத்தை அந்த முட்டிவலியோடு இன்னும் கொஞ்ச நாள் திண்ணை ஏறியிருப்பார்.