சொல்லை எண்ணும் செவி

2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 'இல்லம் தேடிக் கல்வி' மையங்களில் பயின்ற தமிழகச் சிறார்கள் பன்னிரு நாள் ஒரு வாசிப்புப் போட்டியில் கலந்துகொண்டனர். தன்னார்வலரின் கைப்பேசியிலோ வீட்டிலுள்ள கைப்பேசியிலோ, கூகுள் நிறுவனத்தின் 'ரீட் அலாங்' செயலியிலுள்ள சிறு கதைகளை உரக்கப் படிக்க வேண்டும்; படித்த சொற்களை அச்செயலியே கணக்கிடும். மிகுதியான சொற்களைப் படித்தோர்க்கே முதலிடம். நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்த வழிகளுள் இஃது ஒன்று. நூலை மதிப்பிடுவது போலவே இச்செயலியையும் மதிப்பிடுதல் தகும் என எண்ணுகின்றோம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை மனத்திற்கொண்டே அதனைச் செய்கின்றோம்.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். திரையில் 'தியா' என்றொரு சிறுமி தோன்றுகிறாள். குழந்தை படிக்கப் படிக்க அவள் செவிமடுக்கிறாள். தடுமாறிய சொல்லைத் தொட்டால் ஒலித்துக் காட்டுகிறாள். நன்கு படித்தால் விண்மீன்களைப் பரிசளிக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு வேண்டுவது பொறுமையோடு கேட்கும் ஒரு காது. காலையிலேயே பட்டாசு ஆலைக்குப் புறப்பட்டு, அந்தியில் கையில் மருந்துக் கறையோடு திரும்பும் தாய்க்கு அந்தப் பொறுமை எங்ஙனம் வாய்க்கும்? ஐந்து வகுப்புகளையும் இருவரே கட்டி மேய்க்கும் ஈராசிரியர் பள்ளியிலும் ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் நாள்தோறும் கேட்பது இயலாத காரியம். பொறியோ சலிப்பதில்லை, நான்கு பேர் முன் நகைப்பதுமில்லை. இதனை அற்பமென்று தள்ளுவோர், பிள்ளையின் அருகமர்ந்து கேட்க நேரமுடையவர்களாய் இருக்கக்கூடும்.

எனினும் அந்த எண்ணிக்கை நம்மை உறுத்துகின்றது. எண்ணிக்கை இம்மண்ணுக்குப் புதிதன்று. 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தீப்பெட்டித் தொழில் ஊரை வாழவைத்தது. காலப்போக்கில் பிள்ளைகளின் விரல்களையும் கேட்டு வாங்கிக்கொண்டது. 'தீப்பெட்டி ஆபீஸ்' பேருந்தில் விடியுமுன் ஏறிச் சென்ற சிறுமியர்க்கு, அடுக்கிய கட்டைக்கு இவ்வளவு, ஒட்டிய குரோசுக்கு இவ்வளவு என்றே கூலி. ஒரு குரோசு என்பது 144 பெட்டி. 1996 டிசம்பர் 10-இல், சிவகாசிச் சிறார் உழைப்பு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறாருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் எனவும், அவர்களுக்குக் கல்வி கிடைக்கச் செய்ய வேண்டும் எனவும் தீர்ப்பளித்தது. இத்தனை பாடுபட்டுப் பள்ளிக்கு மீட்ட தலைமுறையின் பிள்ளைகளே இன்று கைப்பேசி முன் அமர்கின்றனர்.

கூலி உழைப்பும் கதை வாசிப்பும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அளக்கும் கோல் ஒன்றாகும்போது விரைவே திறமையாகிவிடுகின்றது. கதையில் நரி ஏன் ஏமாந்தது என்று நின்று வியக்கும் சிறுவன் அவ்வேளையில் ஒரு சொல்லையும் சேர்ப்பதில்லை. கணக்கில் அவன் பின்தங்கியவன்.

மற்றொன்று. நம் பக்கத்து நாவில் 'வாழைப்பழம்' 'வாளப்பளம்' ஆவது இயல்பு. ஆசிரியர் அதைப் புன்முறுவலோடு திருத்துவார். சில வேளை விட்டும்விடுவார், பிள்ளையின் வீட்டை அறிந்தவராதலின். பொறி எதனைப் பிழையெனக் கொள்ளும் என்பதோ, எவருடைய குரல்களைக் கேட்டு அது பயின்றது என்பதைப் பொறுத்தது. அவற்றுள் வெம்பக்கோட்டைச் சிறுவனின் குரலும் உண்டா என்று கேட்கப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிமையுண்டு.

செயலி இருக்கட்டும், பரிசுப் பட்டியலை மாற்றியமைக்கலாம். அத்திட்டத்தின் தன்னார்வலர்க்கு, பெரும்பாலும் அத்தெருவிலேயே வாழும் பெண்களுக்கு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, "என்ன கதை படிச்சே, எனக்குச் சொல்லு" என்று பிள்ளையைக் கேட்கக்கூடியவர் அவரே. சொற்களை எண்ணிய போட்டியில் அக்கேள்விக்கு இடமில்லை.