க்ரூனர் ஃபெல்ட்லீனரும் எங்க வீட்டுச் சொதியும்

க்ரூனர் ஃபெல்ட்லீனர் என்ற ஆஸ்திரிய வெள்ளை ஒயினைப் பற்றி எழுதுபவர்கள் கடைசியில் ஒரு வரி சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன்: "காரமான ஆசிய உணவுகளுக்கு ஏற்றது." எந்த ஆசியா? தாய்லாந்துக் குழம்பும், ஜப்பான்காரரின் பச்சை மீனும், பாவூர்சத்திரத்தில் எங்கம்மா வைக்கிற புளிக்குழம்பும் ஒரே தட்டிலா வருது? இந்த வரி மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கடுப்பு. போன தடவை வேலை விஷயமாக வியன்னா போனபோது இரண்டு பாட்டில் வாங்கி வந்தேன். ஊருக்குப் போய் மூன்று நாள் சோதனை. டெஸ்ட் கேஸ் எழுதாமல் எதையும் நம்பக்கூடாது என்பது தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம்.

முதலில் சரக்கைப் பற்றி. ஆஸ்திரியாவில் மிக அதிகமாகப் பயிராகும் திராட்சை இதுதான். மொத்தத் தோட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம். ஒரு பெற்றோர் டிராமினர். இன்னொன்று, பெயரே இல்லாமல் ஒரு கிராமத்தில் ஒதுங்கிக் கிடந்த பழைய கொடி. அந்தக் கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். ஒயின் வெளிறிய மஞ்சளில் லேசான பச்சை. இனிப்பு கிடையாது. எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், உரித்த பட்டாணி, அப்புறம் மிளகு. நாக்கின் இரு ஓரமும் கூசுகிற மாதிரி ஒரு புளிப்பு. நான் வாங்கியது வைன்ஃபியர்டல் பகுதிச் சரக்கு. ஆஸ்திரியாவில் 2002 அறுவடையிலிருந்து முதன்முதலாக டி.ஏ.சி. என்ற ஊர் முத்திரை வாங்கிய பகுதி அது. மிளகு வாசனை அந்த முத்திரைக்கான இலக்கணத்திலேயே சேர்த்தி.

மூடியைத் திறந்ததும் அம்மா மோந்து பார்த்துவிட்டு, "ஏல, என்னது இது, காடி மாதிரில்லா மணக்கு?" என்றாள். நான் படித்த விமர்சனங்களில் பாதியை விட இது துல்லியம்.

இந்த மிளகு வாசனை வெறும் உவமை இல்லை. 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸ் ஒயினில் மிளகு மணம் எங்கிருந்து வருகிறது என்று தேடி ரோட்டண்டோன் என்ற சேர்மத்தைப் பிடித்தார்கள். நம்ம நல்லமிளகில் இருப்பதும் அதேதான். பின்னால் க்ரூனரிலும் அது இருப்பது தெரிந்தது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு கொடுத்தும் தெரியவில்லை. என் மனைவிக்கும் இதில் மிளகு மணக்கவில்லை. இருவரும் சண்டை போடாமல் இருந்ததற்கு அந்த ஆய்வுக் கட்டுரைதான் காரணம்.

ஆக முதல் டெஸ்ட் கேஸ் தானாக அமைந்தது: பிரானூர் பார்டர் பெப்பர் சிக்கன். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்து எல்லை அது. 1956-இல் எல்லை நகர்ந்த பிறகும் பேர் நகரவில்லை. மிளகோடு மிளகு, பிரமாதமாகப் பொருந்தும் என்று நினைத்தேன். பொருந்தியது, ஆனால் மிளகால் இல்லை. கோழியில் இருந்த மிளகின் முன்னால் ஒயினின் மிளகு காணாமலே போனது. வேலை செய்தது புளிப்பு; எண்ணெயை வழித்து எடுத்து வாயை அடுத்த துண்டுக்குத் தயார் செய்தது. வியன்னாவில் எண்ணெயில் பொரித்த ஷ்னிட்சலோடு இதைக் குடிப்பதற்கும், அதன் மேல் எலுமிச்சை பிழிவதற்கும் அதே கணக்குதான். வாசனைக்கு வாசனை ஜோடி சேர்ப்பது எழுத நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் கத்தரிக்காய் புளிக்குழம்பு. படுதோல்வி. புளியின் முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம். ஒயினுக்கும் அதே அமிலம்தான் முதுகெலும்பு. ஒரே ஆயுதத்தோடு இருவர் மோதினால் அதிகம் வைத்திருப்பவன் ஜெயிப்பான். குழம்புக்குப் பிறகு ஒயின் சப்பென்று, தண்ணீர் கலந்த மாதிரி ஆகிவிட்டது. போதாததற்கு வத்தல் காரம். வாயில் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் உசுப்பிவிடும். 12.5 சதவீத ஒயின் காரத்தை அணைக்கவில்லை, ஊதிவிட்டது. "காரமான ஆசிய உணவு" என்று எழுதியவர் இந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததே இல்லை என்பது இங்கே தெரிந்துபோனது.

இந்தக் குழம்புக்கு என்ன வேண்டும்? குறைந்த ஆல்கஹால், கொஞ்சம் மிச்ச இனிப்பு, லேசான நுரை. அதாவது கள். மலையைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால் கேரளக் கள்ளுக்கடைகளில் குடம்புளி போட்ட மீன் கறியும் கப்பையும் கள்ளோடுதான் வருகிறது. அதற்கு யாரும் பொருத்தப் பட்டியல் எழுதவில்லை, மேசையிலேயே அமைந்தது. தமிழ்நாட்டில் 1987-இலிருந்து கள்ளுக்குத் தடை. அப்போது நான் சின்னப் பையன். சுற்றி இத்தனை பனை நிற்கிற ஊரில் பிறந்தவன், எங்கள் குழம்புக்கு எங்கள் பனை என்ன செய்யும் என்று சொந்த ஊரில் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஆஸ்திரியாவிலிருந்து வந்த பாட்டிலை மட்டும் நடுவீட்டில் வைத்து விமர்சனம் எழுதலாம். சிரிப்பதா என்ன என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் சொதி. இதை நான் பட்டியலிலேயே வைக்கவில்லை. விருந்தாளி வந்ததால் அம்மா வைத்தாள். தினசரி மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்காய், பட்டாணி, கேரட், தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், கடைசியில் இறக்கி வைத்து எலுமிச்சை. சும்மா ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். அப்படியே நிறுத்திவிட்டேன்.

தேங்காய்ப்பாலின் கொழுப்பை ஒயின் அறுத்தது. அதற்குப் பதிலாகப் பால் ஒயினின் முரட்டுப் புளிப்பைத் தணித்தது. இஞ்சிக்கும் மிளகு மணத்துக்கும் ஏதோ பழைய பழக்கம் போலிருந்தது. பெரிய ஆச்சரியம் முருங்கைக்காய். ஆஸ்பரகஸ் தண்டு (நம்ம தண்ணீர்விட்டான் கொடியின் சொந்தக்காரன்) ஒயினுக்கு எமன் என்பார்கள். நிறைய ஒயின்கள் அதோடு சேர்ந்தால் தகரம் மாதிரி ருசிக்கும். அதற்குத் தாக்குப்பிடிக்கிற சிலவற்றில் க்ரூனர் ஒன்று, அதனாலேயே அங்கே வசந்த காலத்தில் இரண்டையும் சேர்த்து வைக்கிறார்கள். முருங்கையின் பச்சை வாசனையும் அந்த வகைதான். இரண்டு பச்சையும் முட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்தன. காரமே பேசிக்கொண்டிருந்த என் பட்டியலில் இது எப்படி விட்டுப்போனது என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். சொதிக்குத் தொட்டுக்க எங்க வீட்டில் இஞ்சிப் பச்சடி கட்டாயம்; அதில் புளியும் வெல்லமும் உண்டு. ஒரு விரல் தொட்டு நக்கினால் போதும், ஒயின் காலி. உருளைக்கிழங்கு சிப்ஸோடு நிறுத்திக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். பச்சடி இல்லாமல் என்ன சொதி என்று கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.