அல்லியின் கோட்டையும் ஆட்டத்தின் விதிகளும்: பெண் படையினர் பற்றிய பாத்திர ஆட்டம் ஒன்றை மன்னாருக்கு ஏற்பது குறித்து

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையிலுள்ள அரிப்பிலே, கடலரிப்பினாற் சிதைந்து நிற்கும் கட்டடம் ஒன்றை மக்கள் அல்லிராணி கோட்டை என்று அழைப்பர். வரலாற்று நிலைநின்று நோக்கின் அது கோட்டையுமன்று, அல்லிக்கு உரியதுமன்று. இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் பொருட்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கட்டுவித்த மாளிகை அது. ஏகாதிபத்தியம் தன் வருவாயை எண்ணிப் பார்த்த மாடத்தை, மக்கள் வாளேந்திய ஓர் அரசிக்கு உரிமையாக்கிவிட்டனர். இப்பெயர் மாற்றத்திலே மக்கள் கற்பனையின் எதிர்ப்புணர்வு தெரிகிறது. ஆயின் அதே கற்பனை அல்லிக்கு அளித்த முடிவு யாது? படை நடத்தி ஆட்சி புரிந்த அவள், உறங்கும்போது அருச்சுனன் வஞ்சகமாகக் கட்டிய தாலியினால் அடக்கப்படுகிறாள். பெண் ஆயுதம் ஏந்தலாம். கதையின் முடிவை எழுதும் உரிமை மாத்திரம் அவளுக்கில்லை என்பதே 'அல்லி அரசாணி மாலை' மரபின் உட்கிடை எனலாம்.

இம்முடிவை எழுதும் உரிமை பற்றிய வினாவே இக்கட்டுரையின் மையமாகும். அதனை, நம் ஆய்வுலகு இதுவரை பெரிதும் பொருட்படுத்தாத கலைவடிவமொன்றினூடாக அணுக விரும்புகிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஒருவர் நடத்துநராக இருந்து சூழலை விவரிக்க, பகடையின் துணையோடு கதையொன்றைக் கூட்டாக உருவாக்கும் ஆட்டவகை அது. பாத்திர ஆட்டம் என இதனை அழைக்கலாம். அமெரிக்கரான ஜேசன் மோர்னிங்ஸ்ரார் எழுதி 2015இல் வெளிவந்த 'நைற் விற்சஸ்' என்னும் ஆட்டம் பெண் படையினரைப் பற்றியது. பெண்கள் படையாக எழுந்த மண்ணுக்கு, குறிப்பாக மன்னாருக்கு, இவ்வாட்டத்தை ஏற்க இயலுமா, ஏற்கும்போது எவை மாற வேண்டும் என்பவை நம்முன் உள்ள வினாக்கள்.

ஆட்டத்தின் பொருள் வரலாற்று உண்மையாகும். 1941இல் சோவியத் ஒன்றியத்தை நாற்சிகள் தாக்கியபின், மரீனா ரஸ்கோவாவின் முயற்சியால் மூன்று பெண் விமானப் படையணிகள் அமைந்தன. அவற்றுள் 588ஆவது இரவுக் குண்டுவீச்சு அணி 1942 யூனிற் களமிறங்கியது. விமானிகள், வழிகாட்டிகள், இயந்திரத் திருத்துநர் யாவரும் பெண்களே. மரமும் துணியும் கொண்டு செய்த பழைய பயிற்சி விமானங்களே அவர்களுக்குக் கிடைத்தன. இலக்கை அண்மித்ததும் இயந்திரத்தின் ஓசையை அடக்கி மிதந்து சென்று குண்டுவீசிய இப்பெண்களை ஜேர்மானியர் 'இரவுச் சூனியக்காரிகள்' என்றனர். 1945 வரை 23,000க்கு மேற்பட்ட பறப்புகள் நிகழ்ந்தன. அவ்வணியைச் சேர்ந்த 23 பேர் சோவியத் ஒன்றியத்தின் வீரர் என்னும் விருதைப் பெற்றனர்.

இவ்விவரங்களைக் கொண்டு வீரகாவியம் ஒன்றை ஆக்குதல் எளிது. மோர்னிங்ஸ்ரார் அவ்வாறு செய்யாமையே அவருடைய ஆட்டத்தின் சிறப்பு. அவர் ஆட்டத்தைப் பகல், இரவு என இரண்டாகப் பகுக்கிறார். இரவிலே எதிரியின் பீரங்கிகள். பகலிலே சொந்தப் படையின் ஆணாதிக்கம், பற்றாக்குறை, இரகசியப் பொலிசாரின் கண்காணிப்பு. பகலிலே பாத்திரங்கள் மேற்கொள்ளும் முயற்சிகளால் ஒரு பொதுச் சேமிப்பு உருவாகிறது. இரவுப் பறப்பிலே அதனையே செலவிட வேண்டும். பகலுழைப்பின்றி இரவு வீரம் இல்லை என்பதை ஆசிரியர் வசனத்தாற் கூறவில்லை, கணக்கினாற் கூறுகிறார். வீரத்தின் பின்னுள்ள உழைப்பை மறைப்பது ஆளும் வர்க்க இலக்கியத்தின் இயல்பு. இங்கே விதியமைப்பே அம்மறைப்பைக் கலைக்கிறது. உருவம் உள்ளடக்கத்தை வெறுமனே தாங்கி நிற்கவில்லை, அதுவே உள்ளடக்கமாகிறது.

பகடையின் நிலையும் இத்தகையதே. இரண்டு பகடைகளை உருட்டி, பாத்திரத்தின் ஆற்றலெண்ணைச் சேர்த்து, பத்தும் அதற்கு மேலும் வந்தால் முழு வெற்றி. ஏழு முதல் ஒன்பது வரை வந்தால் வெற்றியோடு ஓர் இழப்பும் உண்டு. ஆறோ அதனிற் குறைவோ வந்தால் நிலைமை கைமீறும். இரண்டு பகடைகளில் நடுத்தர எண்களே மிகுதியாக விழுவனவாதலால், விலை கொடுத்துப் பெறும் வெற்றியே பெரும்பாலும் வாய்க்கிறது. மனிதர் தம் வரலாற்றைத் தாமே படைக்கின்றனர், ஆனால் தாம் தெரிந்தெடுத்த சூழ்நிலையிலன்று என்னும் மார்க்சியத் தெளிவுக்கு இதனை எளியதோர் உருவகமாகக் கொள்ளலாம்.

விளையாட்டைக் கொண்டு இத்தகைய பாரிய பொருளைக் கையாளுதல் தகுமா என்று முற்போக்கு வாசகர் வினவக்கூடும். பிரெக்ட் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய கற்கை நாடகங்களை இங்கு நினைவுகூர வேண்டும். அவை பார்ப்போருக்காகவன்றி நடிப்போருக்காகவே ஆக்கப்பட்டவை. நடிப்பவன் தான் ஏற்ற நிலைப்பாட்டை உடலால் உணர்ந்து, பின் அதனை விசாரணை செய்கிறான். பார்வையாளரே இல்லாத பாத்திர ஆட்டம் இந்நோக்கிற்கு மிக அண்மையில் நிற்கிறது. நம் சூழலிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் 1985இல் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்' மக்களைத் தம் நிலைமையைத் தாமே நோக்கச் செய்தது. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், பழைய பிரதிகளிலுள்ள பெண் பற்றிய கருத்துகளை ஆடுவோரே விவாதித்து மாற்றுதற்கு இடமளித்தது.

மன்னாரின் சொந்த மரபும் கருதத்தக்கது. 1960களிலே சு. வித்தியானந்தன் பதிப்பித்து வெளிக்கொணர்ந்த மன்னார்க் கத்தோலிக்க நாடகங்கள், கூட்டு முயற்சியால் விடிய விடிய ஆடப்பட்ட கலையைச் சார்ந்தவை. அண்ணாவியார் பயிற்றுவார், ஊரார் ஆடுவர். ஆனால் பாத்திரத்தைப் பகிர்வதும் பிழை திருத்துவதும் அண்ணாவியாரின் அதிகாரம். பெண் பாத்திரத்தையும் நீண்டகாலமாக ஆண்களே ஆடினர். அரசியும் புனிதையும் மேடையில் இருந்தார்கள், பெண் இருக்கவில்லை. 'நைற் விற்சஸ்' இவ்விரண்டையும் தலைகீழாக்குகிறது. பாத்திரங்கள் பெண்களே. படையணி ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு நகரும்போது நடத்துநர் பொறுப்பும் கைமாறலாம். கதை சொல்லும் அதிகாரம் ஒருவரிடம் தங்கிவிடாமை இவ்வடிவத்தின் சனநாயகப் பண்பாகும்.

எனினும் இவ்வாட்டத்தின் பெயர்களை மாத்திரம் மாற்றி மன்னாருக்குக் கொணர்தல் பெருந்தவறாகும். விடுதலைப் புலிகளின் பெண்கள் முதன்முதலிற் களமிறங்கியது 1986 ஒக்டோபரில் மன்னாரிலே என்பதை அவ்வியக்கப் பெண்கள் பற்றி எழுதியோர் குறித்துள்ளனர். 1987 ஒக்டோபர் 10இல் கோப்பாயில் இந்தியப் படையினருடனான மோதலில் இறந்த மாலதி மன்னார் மண்ணிற் பிறந்தவர். ஏனைய இயக்கங்களிலும் பெண்கள் இருந்தனர். ஆகவே பொருள் அயலானதன்று. அது மிக அண்மையிலிருப்பதே சிக்கல். அச்சிக்கலை மூன்றாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது, முடிவு பற்றியது. சோவியத் பெண்கள் வென்ற அரசொன்றின் படையினர். மூல ஆட்டம் 1945இன் வெற்றியை நோக்கிச் செல்கிறது. மன்னாரின் கதையோ 2008இல் விடத்தல்தீவு வீழ்ந்ததோடு வன்னிக்குள் ஒடுங்கி, 2009 மேயில் முள்ளிவாய்க்காலிற் பேரழிவாக முடிந்தது. வெற்றியை இலக்காகக் கொண்ட விதியமைப்பு தோல்வியை விபத்தாகவே காட்டும். அதன் சமூக, அரசியற் காரணங்களைக் காட்டாது.

இரண்டாவது, விருப்பு பற்றியது. ரஸ்கோவாவின் அழைப்புக்குத் திரண்டவர்கள் தாமாக முன்வந்தோர். நம் சூழலில் 1980களிலே சாதிக் கட்டும் சீதனக் கொடுமையும் அரச வன்முறையும் தள்ள, விடுதலை வேட்கையோடு சென்ற பெண்கள் பலர். போரின் இறுதியாண்டுகளிலே வீட்டிலிருந்து பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்ட சிறுமியரும் பலர். இரு சாராரையும் 'போராளி' என்ற ஒரே சொல்லில் அடக்கும் பாத்திரத்தாள் பொய் சொல்கிறது.

மூன்றாவது, எதிரி பற்றியது. மூல ஆட்டத்திலே இரவின் எதிரி பாசிசம், அதில் ஐயமில்லை. மன்னாரிலோ 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உட்பட்ட ஊர்களின் முஸ்லிம் மக்களை வெளியேற்றியது விடுதலைப் புலிகள் இயக்கமே. அரச படைகளின் கொடுமையை மாத்திரம் இரவாக வைத்து, இதனைப் பகலிலும் பேசாது விடும் ஆட்டம், இனவாதத்தின் கருவியாகிவிடும். ஒடுக்கப்பட்டோரின் படை தானும் ஒடுக்குமுறையின் கருவியானமை நம் வரலாற்றின் முரண்பாடு. முரண்பாட்டை மழுப்பும் கலை மார்க்சியருக்கு உதவாது.

இவற்றைக் கருத்திற்கொண்டு சில மாற்றங்களை முன்மொழிகிறேன். ஒன்று, பகற்பகுதியை விரிவாக்குதல். கட்டளை, கண்காணிப்பு, ஒழுக்க விசாரணை ஆகியவற்றோடு, உணவுப் பொதி கட்டியோர், கருவாடு காயவிட்டுக் குடும்பத்தைக் காத்தோர், தேடி வந்தோரிடமிருந்து மகளை ஒளித்த தாய்மார் ஆகியோரும் பாத்திரங்களாக வேண்டும். பொதுச் சேமிப்பு அவர்களுடைய உழைப்பினால் நிரம்பட்டும். இரண்டு, 1990இன் கட்டளை ஆட்டத்திலே தவறாது வர வேண்டும். அங்கே பகடையை உருட்டக்கூடாது. கீழ்ப்படிவதா, மறுப்பதா, மௌனம் காப்பதா என்பதை ஆடுவோர் தம் வாயாற் கூறி, அதன் விளைவை இறுதிவரை சுமக்க வேண்டும். தற்செயலுக்குப் பொறுப்பைக் கையளித்தல் வரலாற்றிலிருந்து தப்பியோடுதலாகும்.

மூன்று, சாவுக்குப் புகழெண் அளித்தலாகாது. மூல ஆட்டத்திலே பாத்திரம் துன்புறுந்தோறும் அதன் தாளில் ஒரு வடு குறிக்கப்படுகிறது. வடுக்களின் இறுதியிலே மரணம். நம் சூழலில் மாவீரர் வழிபாடு மரணத்தையே மகுடமாக்கியது. 1991இல் ஆனையிறவுச் சமரிலே இறந்த வானதி, கஸ்தூரி ஆகியோர் கவிதை எழுதியவர்கள். பெண் போராளிகளின் கவிதைகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த 'பெயரிடாத நட்சத்திரங்கள்' அப்பெண்களின் குரலை மரணத்தின் சான்றாகவன்றி வாழ்வின் சான்றாக வாசிக்க நமக்கு வழிகாட்டுகிறது.

நான்கு, பகலுக்கும் இரவுக்கும் அப்பால் 'மறுநாள்' என்னும் மூன்றாம் பகுதி வேண்டும். இதுவே முதன்மையான மாற்றம். 1945 யூலையிலே சோவியத் தலைவர் கலினின், படையிலிருந்து விடுபட்ட பெண்களுக்கு, தம் சேவையைப் பற்றித் தாமே பேச வேண்டாம் என்று அறிவுரை கூறினார். அம்மௌனம் உடைய நாற்பது ஆண்டுகள் சென்றன. ஸ்வெத்லானா அலெக்சியேவிச் அப்பெண்களின் வாய்மொழிகளைத் தொகுத்து 1985இல் நூலாக்கினார். வென்ற படையின் பெண்களுக்கே இக்கதியெனில், தோற்ற படையின் பெண்கள் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. புனர்வாழ்வு முகாமிலிருந்து மீண்டவளைப் படைத்தரப்பு கண்காணித்தது. ஊர் ஐயத்தோடு நோக்கியது. கல்யாணச் சந்தை ஒதுக்கியது. தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவர் மறைந்தபின் 2016இல் வெளிவந்தபோது, எழுதியது அவர்தானா என்றுகூடச் சிலர் வினவினர். போராடியவளின் கதைமுடிவை அவளுக்கு மறுக்கும் அல்லியின் தாலி இன்னும் அவிழவில்லை.

ஐந்தாவது மாற்றம் வர்க்கம் சார்ந்தது. மூல நூல் ஆங்கிலத்தில் உள்ள விலைப்பண்டம். அதனை அப்படியே கொண்டால் நகர்ப்புற மத்தியதர வர்க்கத்து இளைஞருக்குப் போர் ஒரு மாலைப்பொழுதின் கிளர்ச்சியாகும் ஆபத்து உண்டு. கூத்தின் வாய்மொழி மரபு இங்கே கைகொடுக்கும். விதிகள் ஒரு தாளுக்குள் அடங்கி, வாசிக்கத் தெரியாதவரும் கேட்டு ஆடத்தக்கனவாக இருக்க வேண்டும். அதே வேளை, போரிற் பங்குகொண்டவரைத் தம் வாழ்வைத் தாமே நடிக்குமாறு கேட்டலாகாது. அது கலையன்று, இன்னொரு விசாரணை. அவர்கள் விரும்பின் நடத்துநராக அமரட்டும். பிறர் ஆட, அவர்கள் வினவட்டும். இப்படியன்று என்று நிறுத்தட்டும். மூல ஆட்டத்திற் கைமாறும் நடத்துநர் பொறுப்பு இவ்விடத்திலேதான் முழுப் பொருளையும் பெறுகிறது.

இத்தகைய ஆட்டம் காயங்களை ஆற்றிவிடும் என்று நான் உரிமை கோரவில்லை. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கோருவது ஆட்டத்தையன்று, நீதியை. கலை நீதிக்கு மாற்றாகாது. ஆயின் நீதி கோருவோர் எதைக் கோருகிறோம் என்று தெளிதற்கு, நடந்ததை ஒரே குரலிற் கூறும் காவியங்களைவிட, பல குரல்கள் ஒன்றையொன்று மறுத்துப் பேசும் மேசை உதவும். அரசின் வெற்றிக் கதையிலே அப்பெண்கள் பயங்கரவாதிகள். தேசியத்தின் தியாகக் கதையிலே தெய்வங்கள். உழைத்த, அஞ்சிய, தவறிய, மீண்டு வந்து நண்டுச் சதை பிரிக்கும் மனிதர்களாக அவர்கள் இரண்டிலும் இல்லை.

அரிப்பிலே தேசாதிபதியின் மாளிகையைக் கடல் சிறிது சிறிதாகக் கொண்டுபோகிறது. மக்கள் இட்ட பெயர் நிலைத்து நிற்கிறது. பெயரைக் கொடுத்த மக்கள், கதையின் முடிவையும் அவளிடமே கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான சிறியதொரு பயிற்சிக்களமாகவே இவ்வாட்டத்தை மன்னாருக்குப் பரிந்துரைக்கிறேன்.