200 பேரும் 2,500 டாலரும்

2024 ஏப்ரலில் ஃபோர்ப்ஸ் இதழ் வெளியிட்ட உலகப் பெரும்பணக்காரர் பட்டியலில் இந்தியர்கள் 200 பேர். அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் அடுத்த இடம். அதே சமயத்தில் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 2,500 டாலர். அந்த வரிசையில் நூறு நாடுகளுக்கு மேல் நமக்கு முன்னால் நிற்கின்றன. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டால் மேடைப் பேச்சுக்கும் தலையங்கத்துக்கும் வேறு சரக்கே வேண்டாம். ஆளும் தரப்பு முதல் எண்ணைக் காட்டி மார்தட்டும், எதிர்த்தரப்பு இரண்டாவதைக் காட்டிக் கொதிக்கும். எண்கள் இரண்டும் சரிதான். அவற்றைச் சேர்த்து வைப்பதால் எதுவும் நிரூபணமாகிறதா?

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். அதே பட்டியலில் ஜப்பானியர் 41 பேர்தான். சராசரி வருமானமோ 34,000 டாலரை ஒட்டி வருகிறது. ஏழை நாட்டில் 200, பணக்கார நாட்டில் 41 என்றால் அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் இங்கே 140 கோடிப் பேருக்கு மேல், அங்கே பன்னிரண்டரைக் கோடிக்கும் சற்றுக் குறைவு. கோடிக்கு எத்தனை பேர் என்று வகுத்துப் பார்த்தால் இந்தியாவில் ஒன்றரை கூடத் தேறாது. ஜப்பானில் மூன்றுக்கு மேல். முழக்கம் இந்த ஒரு வகுத்தலைக்கூடத் தாங்கவில்லை.

அத்தோடு விட்டுவிட்டால் அதுவும் ஏமாற்றுத்தான். பட்டியலில் நுழைய நூறு கோடி டாலர் வேண்டும். எல்லா நாட்டாருக்கும் ஒரே வாசல். சராசரி ஜப்பானியர் ஒருவர் ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தால் அந்த வாசலை எட்ட ஏறக்குறைய 30,000 ஆண்டு ஆகும். சராசரி இந்தியருக்கு 4 லட்சம் ஆண்டு. ஆகவே ஆள்கணக்கில் வகுப்பது போதாது, நாட்டின் பொருளாதார அளவாலும் வகுக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் ஒவ்வொரு லட்சம் கோடி டாலருக்கும் ஜப்பானில் இத்தகையவர்கள் பத்துப் பேர்; 132 பேர் உள்ள ஜெர்மனியிலும் 813 பேர் உள்ள அமெரிக்காவிலும் முப்பதை ஒட்டி; இந்தியாவில் சுமார் ஐம்பத்தைந்து. அந்த 200 பேரின் மொத்தச் சொத்து, ஃபோர்ப்ஸ் கணிப்பில், 95,400 கோடி டாலர். நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் அது கால் பங்குக்கு மேல். கொதிப்பவர்களுக்கு உண்மையான பிடி கிடைப்பது இங்கேதான். அவர்கள் கையில் எடுப்பதோ வெறும் தலைக்கணக்கை.

இந்தப் பிடியையும் தளர்த்த ஸ்வீடன் இருக்கிறது. ஒரு கோடியைச் சற்றே தாண்டிய மக்கள்தொகையில் 40 பேருக்கு மேல் அந்தப் பட்டியலில் உண்டு. மேலே சொன்ன அளவுகோலில் அது இந்தியாவையே முந்திவிடும். அங்கே வாரிசுச் சொத்து வரி 2004-லும் செல்வ வரி 2007-லும் போயின. பெரும்பணக்காரர் மலிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனாலும் சராசரி ஸ்வீடன்காரரை யாரும் ஏழை என்று சொல்லமாட்டார்கள். மேலே எத்தனை பேர் என்பதை வைத்துக் கீழே எப்படி வாழ்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

இன்னொரு கோளாறு, அந்த இரண்டு எண்களில் ஒன்று சொத்தைச் சார்ந்தது, மற்றது வருமானம். தொழிலதிபர் கௌதம் அதானிக்கு ஃபோர்ப்ஸின் 2022 பட்டியலில் 9,000 கோடி டாலர். 2023 பட்டியலில் 4,720 கோடி. இடையில், 2023 ஜனவரி 24 அன்று, அவரது குழுமத்தின் மீது முறைகேடு புகார் கூறிய ஹிண்டன்பர்க் நிறுவனத்தின் அறிக்கை வந்தது. குழுமம் மறுத்தும் பங்குகள் சரிந்தன. தனிநபர் வருமானத்தில் இதனால் ஒரு ரூபாய் குறைந்ததா? பங்கு விலையின் ஏற்ற இறக்கம் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. யாரை எந்த நாட்டில் சேர்ப்பது என்பதிலும் குழப்பம். ஃபோர்ப்ஸ் குடியுரிமையைப் பார்க்கும். அதனால் 2003-ல் அயர்லாந்துக் குடியுரிமை பெற்ற மும்பைத் தொழிலதிபர் பல்லோன்ஜி மிஸ்திரி பல ஆண்டுகள் அயர்லாந்தின் முதல் பணக்காரராக இருந்தார்!

பெரிய குற்றவாளி சராசரிதான். பாரிஸிலுள்ள உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் 2024 ஆய்வுப்படி (நிதின் குமார் பார்த்தி, லூகா ஷான்செல், தாமஸ் பிக்கெட்டி, அன்மோல் சோமஞ்சி எழுதியது) 2022-23-ல் மேல் 1 சதவீதத்தாருக்கு நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதம், கீழ்ப்பாதி மக்களுக்கு மொத்தமாகவே 15 சதவீதம். கீழ்ப்பாதியில் ஒருவருக்குக் கிடைப்பது சராசரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ‘சராசரி’ வருமானம் ஈட்டவே ஒருவர் ஏறக்குறைய மேல் பத்து சதவீதத்துக்குள் வந்தாக வேண்டும் என்கிறது அந்த ஆய்வு. பத்தில் ஒன்பது பேருக்கு எட்டாத தொகையைத்தான் ‘சாதாரண இந்தியரின் வருமானம்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மறுதரப்பு சும்மா இல்லை. நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து உலக வங்கி சொல்லும் ஜினி குறியீடு (எண் குறைந்தால் ஏற்றத்தாழ்வும் குறைவு) 2022-23-க்கு 25.5, அதன்படி நாம் உலகின் சமத்துவ நாடுகளில் ஒன்று. ஆனால் அது செலவைத்தான் அளக்கிறது. ஆயிரம் கோடி சேர்த்தவர் ஆயிரம் மடங்கு அரிசி வாங்குவதில்லை. பெரிய பங்களாக்களின் வாசல் கணக்கெடுப்பாளருக்கு எளிதில் திறப்பதுமில்லை. பிக்கெட்டி குழுவினரின் தரவுகளிலும் ஓட்டைகள் உண்டு, அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இருந்தும் கேள்விக்குப் பொருத்தமான பொருளை அளப்பது அவர்கள்தான்.

ஆகவே என் தீர்ப்பு: 200 என்பதையும் 2,500 என்பதையும் பக்கத்தில் வைத்துச் செய்யும் வாதம், பெருமைக்கானாலும் கோபத்துக்கானாலும், செல்லாது. கோபம் நியாயமானதுதான். அதன் சாட்சி அந்த 200 பேர் அல்ல, கீழ்ப்பாதியின் 15 சதவீதம்.

வருமானத்தைவிடச் சொத்துத் தரவின் பக்கம் இன்னும் இருட்டு. இங்கே இறந்தவரின் சொத்துக்கான வரியான எஸ்டேட் டூட்டி 1985-ல் போனது. செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி நீக்கினார். 2013-14-ல் அதில் வசூலானது 1,008 கோடி ரூபாய்தான் என்றார். வரியோடு பதிவேடும் போனது. ஆனாலும் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியவர்கள் வருமான வரிப் படிவத்தில் தங்கள் சொத்தையும் கடனையும் இன்றும் நிரப்பித்தான் தருகிறார்கள். வருமானத்தை அடுக்கடுக்காகப் பிரித்த அட்டவணைகளைப் பெயர் எதுவும் இல்லாமல் 2016 முதல் வெளியிட்டுவரும் அரசிடம், சொத்துக்கும் அதே போன்ற அட்டவணையைக் கேட்கலாம்.